பிறர்க்காக ஏந்தும் மது

அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பல்கள் பலவற்றில், வயது வந்த பயணி ஒவ்வொருவரும் 750 மில்லி லிட்டர் திராட்சை மதுப்புட்டி ஒன்றை உடன்கொண்டு ஏறலாம். “நீங்கள் அருந்துவதில்லையே, உங்கள் பங்கில் எனக்கொன்று கொண்டுவாருங்கள்” என உடன் வரும் நண்பர் வேண்டினால், சிராவகராகிய நாம் என் செய்வது?

கப்பலின் விதி மீறப்படவில்லை, நாம் அருந்தவுமில்லை. ஆயினும் செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூவழியாலும் தீவினை ஊறும் என்பது நம் அறம். புளித்துப் பொங்கும் மதுவில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் தோன்றி மடிகின்றன. ஆதலின் ஊனுடனும் தேனுடனும் கள்ளையும் நம் முன்னோர் விலக்கினர்.

கப்பலின் அனுமதி வேறு. விரதத்தின் அனுமதி வேறு. நண்பரை இகழாது, வேறெவ்வுதவியும் செய்வோம். இதனை மட்டும் இன்சொல் கூறி மறுப்போம்.