ஒப்பும் ஒப்புதலும்: இலக்கமுறைக் கையொப்பம் குறித்த ஓர் அறவியல் நோக்கு

ஆவணமொன்றின் அடியில் ஒருவர் தம் பெயரைப் பொறிக்கும்போது அங்கு நிகழ்வது யாது? சட்ட அறிஞர் இவ்வினாவை ஒருவாறும் மெய்யியலாளர் பிறிதொருவாறும் அணுகுவர். தமிழ்ச் சொல்லோ இவ்விரு நோக்கையும் தன்னகத்தே கொண்டுள்ளது. ‘ஒப்பு’ என்பது ஒன்றைப்போல் மற்றொன்று இருத்தலைக் குறிக்கும், உடன்பாட்டையும் குறிக்கும். கையொப்பம் மெய்யானதா என ஆராய்பவர் முதற்பொருளை நாடுகின்றார். ஒப்பமிட்டவரின் கடப்பாட்டை ஆராய்பவர் இரண்டாவதை நாடுகின்றார். கையினால் எழுதிய காலமெல்லாம் இவ்விரண்டும் ஒரே செயலில் இணைந்து கிடந்தமையால் அவற்றைப் பிரித்தறியும் தேவை பெரிதும் எழவில்லை. கணினிவழி ஆவணங்களில் ஒப்பமிடும் வழக்கம் பரவிவரும் இந்நாளில் அவை பிரிந்து நிற்கின்றன.

பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணம் இப்பிரச்சினையை அவையிலேயே வைத்துக் காட்டுகின்றது. சுந்தரரின் மணப்பந்தரில் தோன்றிய முதியவர் ஓலையொன்றைக் கொண்டு அவரைத் தம் அடிமை என்கின்றார். சுந்தரர் அதனைப் பறித்துக் கிழித்துவிடுகின்றார். கிழிபட்டது படியோலையே, மூலவோலை முதியவரிடம் இருந்தது. அதனை ஏற்குமுன் திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் செய்தவை கவனிக்கத்தக்கன. சாட்சிகளின் ஒப்பங்களை நோக்கினர். சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வருவித்து இரண்டின் எழுத்தையும் ஒப்புநோக்கினர். எழுத்து ஒத்தது, ஒப்பு நிலைநாட்டப்பட்டதும் ஒப்புதலும் நிலைநாட்டப்பட்டதாகக் கொள்ளப்பட்டது. பக்தியுலகில் இதற்கு வேறு விளக்கம் உண்டு. வழக்குமுறை என்ற அளவிலேயே ஈண்டு எடுத்தாளுகின்றோம்.

இலக்கமுறை ஒப்பத்தில் இத்தகைய எழுத்தொப்புமைக்கு இடமில்லை. கையெழுத்தைப் படமெடுத்து ஆவணத்தில் ஒட்டிவிடுதலையும் பலர் இப்பெயரால் அழைக்கின்றனர். அது ஒப்பத்தின் நிழலேயன்றி ஒப்பமன்று. எவரும் அதனைப் பெயர்த்து வேறிடத்தில் ஒட்டிவிடலாம். மெய்யான இலக்கமுறை ஒப்பம், 1976 இல் டிஃபி, ஹெல்மன் என்போர் முன்வைத்த கருத்தையும், 1977 இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் வகுத்த முறையையும் அடியாகக் கொண்டு வளர்ந்தது. ஒருவருக்கு இரு திறப்புகள் உள. ஒன்று அவரிடமே மறைவாக இருப்பது; மற்றையது யாவரும் அறிய இருப்பது. ஆவணம் முழுவதையும் குறித்த நீளமுள்ள ஓர் எண்ணாகச் சுருக்கி, அவ்வெண்ணிலிருந்து மறைதிறப்பினாற் கணித்துப் பெறுவதே ஒப்பம். பொதுத்திறப்பைக் கொண்டு எவரும் அதனைச் சரிபார்க்கலாம். ஆவணத்தில் ஒரு காற்புள்ளி மாறினும் சரிபார்ப்புப் பொய்த்துவிடும். இப்பொதுத்திறப்பு இன்னாருடையது என்பதற்குச் சான்றளிக்கும் நிறுவனமொன்று பொறுப்பேற்கும். (அதுவும் தவறக்கூடியதே. 2011 இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்தின் கணினிகளுள் ஊடுருவியோர் நூற்றுக்கணக்கான போலிச் சான்றிதழ்களை ஆக்கினர். அவ்வாண்டிலேயே அந்நிறுவனம் முறிந்தது.)

இம்முறை எண்பிப்பது யாது? இன்ன திறப்பு இன்ன ஆவணத்தின்மீது பயன்பட்டது என்பதை மட்டுமே. திறப்பை இயக்கியவர் யார், அவர் வாசித்தாரா, விளங்கினாரா, விரும்பினாரா என்பன கணிதத்துக்கு அப்பாற்பட்டவை. ஆயினும் இதனை விதந்துரைப்போர் ‘மறுக்கவொண்ணாமை’ என்றொரு பண்பை இதற்கு ஏற்றிக் கூறுவர். கணிதத்தால் மறுக்கவொண்ணாதது அறத்தாலும் மறுக்கவொண்ணாதது ஆகுமா என்பதே நம் வினா.

டேவிட் ஹியூம், மனித இயல்பு பற்றிய தம் ஆய்வுநூலின் 1740 இல் வெளிவந்த மூன்றாம் பகுதியில் வாக்குறுதியை ஆராய்கின்றார். பொருள் விளங்காமல் வாக்குறுதிச் சொற்களைக் கூறியவன் அவற்றாற் பிணிக்கப்படான் என்பதும், விளங்கியிருந்தும் உள்ளத்துள் வேறெண்ணம் வைத்துக் கூறியவன் பிணிக்கப்படுவான் என்பதும் அவர் காட்டும் வேறுபாடு. இவ்வேறுபாடு நமக்குப் பெரிதும் துணைபுரியும்.

அலுவலக வழக்கமொன்றை எடுத்துக்கொள்வோம். பத்திரங்கள் மிகுதி, நேரம் குறைவு என்று மேலதிகாரி தம் திறப்பு அடங்கிய கருவியையும் அதன் இரகசிய இலக்கத்தையும் எழுதுவினைஞரிடம் கொடுத்துவிடுகின்றார். பேனையால் ஒப்பமிடுவதாயின் அவ்வெழுதுவினைஞர் அதிகாரியின் எழுத்தைப் போலச் செய்தாகவேண்டும். அது கள்ளக் கையொப்பம் என்பதை இருவரும் அறிவர்; கை கூசும். திறப்பைக் கையாளும்போதோ அக்கூச்சம் இல்லை. ஒப்பம் முற்றிலும் மெய்யானது, ஒப்பமிட்டவர்தான் அங்கில்லை. பின்னர் இழப்பு நேர்ந்தவிடத்து ‘நான் இடவில்லை’ என அதிகாரி கூறுவாராயின் அக்கூற்று உண்மையே. ஆயினும் அது அவரை விடுவிக்காது. திறப்பைக் கொடுப்பதன் பொருள் அவருக்கு விளங்கியேயிருந்தது. ஒருவர் சார்பில் மற்றொருவர் செயற்படுதல் தவறன்று. அற்றோணித் தத்துவம் அதற்கெனவே உள்ளது. ஆனால் அங்கு சார்பாளர் சார்பாளராகவே ஒப்பமிடுகின்றார். வாசிப்பவர் அதனை அறிகின்றார். திறப்பைக் கைமாற்றும்போது வாசிப்பவர் ஏமாற்றப்படுகின்றார். தவறு அங்கேயே உள்ளது.

ஹியூம் கூறிய முதல்வகையினரின் நிலை இதனிலும் இரங்கத்தக்கது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி இலங்கையில் காணி உறுதியை முடிப்பதாயின் நொத்தாரிசும் இரு சாட்சிகளும் ஒருங்கே பிரசன்னமாயிருத்தல் வேண்டும். வாசிக்க அறியாதவர் கைநாட்டு இடுமுன் நொத்தாரிசு உறுதியை வாசித்து விளக்குதல் கடமை. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் இயற்றப்பட்டபோது மரணசாசனம், அற்றோணித் தத்துவம், காணி விற்பனை முதலியவற்றைத் தன் எல்லைக்குப் புறத்தே நிறுத்தியது. அதனைப் பழமைப் பற்று எனச் சிலர் கூறலாம்; எமக்கு அது நுண்ணறிவாகவே தோன்றுகின்றது. நொத்தாரிசின் முன்னிலை ஒப்பை மட்டுமன்றி ஒப்புதலையும் காத்துநின்றது. திரையின் ஓரத்தில் ‘வாசித்து ஏற்றுக்கொண்டேன்’ என்னும் கட்டத்தைத் தொடுவித்தல் அதற்கு ஈடாகாது.

வாசித்தவரும் பிழைத்தார் எனல் இயலாது. ஒப்பமிடும்போது ஒரு வாசகமும் பின்னர் வேறொரு வாசகமும் தோன்றுமாறு பீடீஎஃப் கோப்புகளுள் மறைபகுதிகளை வைக்கமுடியும் என்பதையும், அவ்வாறு மாறியபின்னும் சில மென்பொருள்கள் ஒப்பத்தைச் செல்லுபடியாகவே காட்டின என்பதையும் ஜேர்மனியின் போஹும் றூர் பல்கலைக்கழக ஆய்வாளர் 2020 இல் வெளிப்படுத்தினர். ஒப்பம் கோப்பைப் பற்றுகின்றது; மனிதனோ தான் கண்ட பொருளுக்கே இசைகின்றான்.

மறுதலையாக எண்பிக்கப்படும்வரை இலத்திரனியற் கையொப்பம் மெய்யானது என்றே நீதிமன்று அனுமானிக்க வேண்டும் என்பது 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடு. இவ்வனுமானம் இன்றேல் வணிகம் நடவாது என்பர்; அது உண்மை. ஆயின் அனுமானத்தின் வலிமை, ஒப்பமிட்டவருக்குத் திறப்பின்மீதிருந்த ஆட்சிக்கு ஏற்ப அமைதல் வேண்டும். கருவியைத் தானே தெரிந்து, தானே காத்துவைத்திருந்த நிறுவன முகாமையாளரையும், முகவர் நீட்டிய தொலைபேசித் திரையில் விரல் வைத்துவிட்டு வெளிநாடு சென்ற வீட்டுப் பணிப்பெண்ணையும் ஒரே தராசில் நிறுத்தல் நீதியாகாது. பின்னவர் தம் அறியாமையை எண்பிக்க எந்தக் கணினி வல்லுநரை அமர்த்துவார்?

இன்னுமொன்று உண்டு. மைக்கையொப்பம் எழுதியவரின் ஆயுளுக்குப் பின்னும் நிற்கும். இலக்கமுறை ஒப்பமோ மூப்படைவது. நீண்டகாலம் பயன்பட்ட ஷா-1 என்னும் சுருக்கமுறையில் வெவ்வேறான இரு கோப்புகளுக்கு ஒரே சுருக்கத்தை ஆக்கிக் கூகிள் நிறுவனத்தாரும் ஆம்ஸ்ரடாம் ஆய்வுநிலையத்தாரும் 2017 இல் காட்டினர். அவ்வாண்டிலேயே எஸ்தோனியா, ஏறத்தாழ 7,60,000 அடையாள அட்டைகளின் திறப்புகளில் குறை காணப்பட்டமையால் அவற்றின் சான்றிதழ்களை இடைநிறுத்த நேர்ந்தது. ஆகவேதான் ஒப்பத்தோடு நம்பத்தக்க நேரமுத்திரையும் வேண்டும், முறைகள் பழுதாகுமுன் ஆவணத்தைப் புதிய முத்திரையுள் அடைத்தலும் வேண்டும் என்பர். சான்று தேய்வதனால் வாக்குறுதி தேய்வதில்லை. ஆனால் தனக்கெதிரான சான்றைப் புதுப்பித்து வைக்கக் கடனாளி முன்வருவாரா? பட்டச் சான்றிதழை இலக்கமுறையில் வழங்கும் பல்கலைக்கழகத்தின் நிலை வேறு. ஐம்பது ஆண்டுகளின் பின்னும் அது மெய்யென்று காட்டப்பட வேண்டியது பட்டதாரிக்கே. பல்கலைக்கழகத்தின் ஒப்பத்தைப் புதிதாக இடும் திறப்போ அவரிடம் இல்லை. எனவே அச்சான்றைக் காலந்தோறும் உயிர்ப்பித்து வைக்கும் பொறுப்பு, ஒப்பமிட்ட நாளிலேயே பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்ட கடப்பாட்டின் பகுதியாகும். அதற்கெனத் தனிக் கட்டணம் கேட்பதற்கும் அதற்கு உரிமையில்லை.