வழிகாட்டி நாய்களும் அஹிம்சா அணுவிரதமும்

பிற உயிரைத் துன்புறுத்தாதிருத்தல் அஹிம்சை என்பதை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். பிற உயிரின் உழைப்பைப் பெற்றுக்கொள்ளுதல் அஹிம்சைக்கு உடன்பாடா என்னும் வினா அத்துணை எளிதன்று. ஏர் எருதும் வண்டிக் குதிரையும் நெடுங்காலமாக இவ்வினாவை நம்முன் நிறுத்தியுள்ளன. பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் நிலையங்கள் அதனை மேலும் கூர்மையாக்குகின்றன. அங்கே பயன் பெறுபவர் ஆதரவுக்குரியவர். தொண்டாற்றுவதோ தன் விருப்பத்தைச் சொல்லால் உரைக்க இயலாத உயிர்.

இந்நிலையங்களின் வரலாறு நூறாண்டைக் கடந்தது. முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களின் பொருட்டு, 1916-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் கெர்ஹார்டு ஸ்டாலிங் என்னும் மருத்துவர் முதற் பள்ளியைத் தொடங்கினார். சுவிட்சர்லாந்தில் நாய்களைப் பழக்கி வந்த டோரதி யூஸ்டிஸ் என்னும் அமெரிக்க அம்மையார் 1927-இல் இம்முயற்சியைப் பற்றி இதழொன்றில் எழுதினார். அக்கட்டுரையைப் பிறர் வாசிக்கக் கேட்ட மோரிஸ் ஃபிராங்க் என்னும் பார்வையற்ற இளைஞர் அவரை நாடிச் சென்றார். இருவர் முயற்சியால் 1929-இல் அமெரிக்காவில் 'சீயிங் ஐ' என்னும் பள்ளி தோன்றியது. கலிஃபோர்னியாவில் 1942-இல் தொடங்கப்பெற்ற மற்றொரு நிலையம் 1947 முதல் சான் ரஃபேல் என்னும் ஊரில் நடைபெற்று வருகிறது.

சான் ரஃபேல் நிலையத்தின் நடைமுறை அறிந்துகொள்ளத் தக்கது. குட்டிகள் ஏறக்குறைய எட்டு வார வயதில் தொண்டுள்ளம் கொண்ட குடும்பங்களிடம் ஒப்படைக்கப்படுகின்றன. அக்குடும்பத்தார் ஓராண்டுக்கும் மேலாகக் குட்டியைத் தம்முடன் வைத்து, கடைவீதி, பேருந்து, கூட்டம் ஆகியவற்றுக்கு அஞ்சாதவாறு பழக்கிப் பின்னர் நிலையத்திடம் திருப்பித் தருகின்றனர். அதன்பின் சில மாதங்கள் பயிற்சியாளர் வழிநடைப் பயிற்சி தருகிறார். இறுதியில் பார்வையற்றவர் இரண்டு வார காலம் அங்கேயே தங்கி, தமக்கெனத் தேர்ந்த நாயுடன் நடந்து பழகுகிறார். எதற்கும் கட்டணம் இல்லை. நிறைவு விழாவில் நாயை வளர்த்த குடும்பத்தாரே மேடையேறி, அதனை அதன் புதிய துணைவரிடம் ஒப்படைப்பது வழக்கம்.

இப்பயிற்சியின் பயன் யாது? உணவு, மருந்து, கல்வி, அபயம் எனத் தானம் நால்வகைப்படும். இவற்றுள் அச்சம் நீக்கும் அபயதானத்தையே நாய் பார்வையற்றவருக்கு வழங்குகிறது. மனிதரே துணை செல்லலாகாதா எனச் சிலர் வினவலாம். செல்லலாம், ஆயின் பிறருக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தை எதிர்நோக்கியே வெளிச்செல்ல வேண்டிய வாழ்வு எத்துணைத் தளர்ச்சி தரும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தாழ்ந்த மரக்கிளை நாயின் உடலுக்கு இடையூறன்று. எனினும் உடன் வருபவரின் தலைக்கு இடையூறு என அறிந்து அது விலகி நடக்கிறது. உயிர்கள் ஒன்றற்கொன்று உதவுதலே அவற்றின் இயல்பு எனத் தத்வார்த்த சூத்திரம் காட்டும் உண்மைக்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

அபயம் தரும் அவ்வுயிர்க்கு நாம் அபயம் தருகின்றோமா என்பதே நம் வினா. இதனை அளந்தறிய அஹிம்சா அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்கள் துணையாகும். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிச் சுமையேற்றல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. விலங்குகளை வைத்து வாழும் இல்லறத்தாரை எண்ணியே நம் ஆசாரியர்கள் இவற்றை வகுத்தனர் போலும்.

உணவும் நீரும் அங்கே குறைவின்றி அளிக்கப்படுகின்றன. சுமையைப் பொறுத்தமட்டில், முதுமை எய்திய நாய் பணியினின்றும் விடுவிக்கப்பட்டு, துணைவரிடமோ வளர்த்த குடும்பத்திடமோ வேறொரு நல்லில்லத்திலோ எஞ்சிய நாளைக் கழிக்கிறது. இப்பணியில் நாட்டமில்லாத நாயும், அஞ்சும் நாயும் வற்புறுத்தப்படுவதில்லை. அவை வேறு பணிக்கோ வீட்டு வாழ்வுக்கோ அனுப்பப்படுகின்றன. முற்காலத்தில் கழுத்து வாரைச் சுண்டியிழுத்துத் திருத்தும் முறை பெருவழக்காக இருந்தது. 2000-ஆம் ஆண்டுக்குப் பின்னர்ச் சான் ரஃபேல் உள்ளிட்ட நிலையங்கள், சரியாகச் செய்தவுடன் சிறு தின்பண்டம் அளித்துப் பாராட்டும் முறைக்கு மாறின. தண்டனையைக் குறைத்தும் பயிற்சி தரலாம் என்பதை ஆசிரியப் பயிற்சி பெற்ற எம்போன்றோர் நன்கறிவோம்.

கட்டுதல் என்னும் அதிசாரமே ஆழ்ந்து நோக்கற்பாலது. சேணமும் கைப்பிடியும் பூட்டப்பட்ட நாய் அடிமையா? போக்குவரத்து விளக்கின் நிறத்தைக் கொண்டு நாய் முடிவு செய்வதில்லை. வாகனங்களின் ஓசையைச் செவியால் அளந்து 'முன்னே செல்' எனக் கட்டளையிடுபவர் மனிதரே. அவ்வேளையில் ஓசையின்றி மின்வாகனம் ஒன்று விரைந்து வருமாயின், நாய் அக்கட்டளையை ஏற்காது நின்றுவிட வேண்டும். அறிவார்ந்த கீழ்ப்படியாமை எனத்தக்க இதுவே பயிற்சியின் முடிமணி. அடிமையிடம் எவரும் மறுக்கும் உரிமையை எதிர்பார்ப்பதில்லை. இங்கோ அம்மறுப்பை நம்பியே மனிதர் தம் உயிரை ஒப்படைக்கின்றார். மனமுள்ள ஐம்புல உயிரிடம் ஆராய்ந்து நடக்கும் ஆற்றல் உண்டு என்பது நம் ஆகமக் கொள்கை. வர்த்தமானர் முற்பிறவியொன்றில் சிங்கமாக இருந்து, முனிவர் உரை கேட்டு விரதம் ஏற்றதை நாம் அறிவோம். சீவக சிந்தாமணியில், உயிர்விடும் நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓத, அது சுதஞ்சணன் என்னும் தேவனாகிப் பின்னர் அவனுக்கே துணை நின்றது.

எனினும் இரு குறைகளை மறைத்தல் நேர்மையாகாது. இனப்பெருக்கத்துக்கெனத் தேர்ந்தெடுக்கப்படாத நாய்களுக்குக் கருத்தடை அறுவை செய்யப்படுகிறது. அது மயக்க மருந்துடன் நடப்பினும், உறுப்பறுத்தல் என்னும் அதிசாரத்தை அது தொடவில்லை என நாம் சொல்ல இயலாது. இரண்டாவதாக, இந்நாய்களுக்கு அளிக்கப்படும் உணவில் பெரும்பாலும் ஊன் கலந்திருக்கும். ஒருவருக்கு அபயம் தரும் உயிரை வளர்க்க, மற்றோர் உயிர் அபயம் இழக்கிறது. பூனை முதலிய ஊனுண்ணும் பிராணிகளை வளர்த்தலை நம் முன்னோர் விலக்கியதன் காரணம் இதுவே.

இவற்றால் அப்பணி முழுவதையும் பழித்தல் வேண்டுமா? வேண்டா என்பதே என் கருத்து. இல்லறத்தார் ஏற்பது மகாவிரதமன்று, அணுவிரதம். அதில் குற்றம் சிறிதும் இல்லை எனப் பெருமிதம் கொள்வதற்கு இடமில்லை. குற்றத்தை அறிந்து நாளும் குறைப்பதற்கே இடமுண்டு. சுண்டியிழுத்த கை தின்பண்டம் நீட்டும் கையாக மாறியது அவ்வாறான குறைப்பே. ஊனின்றி நாய்க்கு நிறைவான உணவு அமைக்கும் ஆய்வுகள் வளர்வதற்குத் துணை நிற்பதும் அவ்வழியே ஆகும்.

மேலும் ஒன்று. ஓராண்டு தம் மடியில் வளர்ந்த உயிரை, முன்பின் அறியாத ஒருவரின் நன்மைக்காகக் கண்ணீருடன் விட்டுக்கொடுக்கும் அக்குடும்பங்கள் நம் சமயத்தினர் அல்லர். ஆயினும் அபரிக்கிரகத்தை வாழ்ந்து காட்டுகின்றனர். 'என்னுடையது' என்னும் பற்று அங்கே அன்பைக் குறைக்காமலே கழிகிறது.

ஆதலின், நம் வீட்டுப் பசுவாயினும் வாயிற்படி காக்கும் நாயாயினும், நமக்கென உழைக்கும் எவ்வுயிரையும் இவ்வைந்து அளவைகளால் அளந்து பார்ப்போமாக. உழைக்க மறுக்கும் உரிமை அதற்கு உண்டா, முதுமையில் அதற்கு இடம் உண்டா என்னும் இரு வினாக்களையும் அவற்றோடு சேர்த்துக்கொள்வோமாக. விடை குறைவுடையதாயின், இன்றே திருத்தத் தொடங்குதல் நம் கடன்.