தாளம் இனிக்கிறது, தட்டிய கை கசக்கிறதா?

பிரேசில் நாட்டைப் பற்றி வகுப்பிலே பாடம் நடத்தும்போது காப்பித் தோட்டம், அமேசான் காடு, கால்பந்து என்று சொல்லி முடித்துவிடுகிறோம். மாணவன் எவனேனும் எழுந்து சாம்பாவைப் பற்றிக் கேட்டால், "அந்நாட்டு நடனம்" என்று கூறி அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். அந்நாட்டு நடனமா? அதை ஆடிய கால்கள் எந்த மண்ணிலிருந்து வந்தன? வந்தனவா, இழுத்துவரப்பட்டனவா?

இழுத்துவரப்பட்டன, தோழர்களே! மூன்று நூற்றாண்டுக் காலத்திலே ஏறத்தாழ 48 இலட்சம் ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாகப் பிரேசில் கரையிலே இறக்கப்பட்டனர். அமெரிக்கக் கண்டங்களிலே வேறெந்த நாட்டிலும் இத்தனை பேர் இறக்கப்படவில்லை. உடைமை பறிபோயிற்று, பெயரையும் மாற்றினர் ஆண்டைகள். மாற்ற முடியாமற் போனது தாளம். பாகியாவின் கரும்புத் தோட்டங்களிலே, வேலை ஓய்ந்த இரவிலே, வட்டமாக நின்று கைதட்டினர். ஒருவர் நடுவே ஆடுவார். ஆடி முடித்ததும் கொப்பூழோடு கொப்பூழ் இடித்து அடுத்தவரை உள்ளே அழைப்பார். அந்த இடிக்கு அங்கோலா நாட்டு மொழியிலே 'செம்பா' என்று பெயர். அதுவே சாம்பா ஆயிற்றென்பர் அறிஞர் பலர்.

1888இல் அடிமை முறை ஒழிந்தது. நிலம் தந்தார்களா? இல்லை. இழப்பீடு? அதுவும் இல்லை. 1890இலே தண்டனைச் சட்டம் ஒன்று தந்தார்கள்! வேலையற்றுத் திரிவது குற்றம் என்றது அது. சாம்பா என்ற சொல் அதிலே இல்லை. எதற்கு வேண்டும்? தோலின் நிறமும் தோளிலே தொங்கும் மேளமும் போதுமே, பிடித்துச் செல்ல!

ரியோ நகரிலே 1908இல், ஜோவான் த பயானா என்ற இளைஞரின் கஞ்சிரா போன்ற கருவியைக் காவலர் பறித்துக்கொண்டனர். அவர் வாசிப்பை விரும்பிய செனட்டர் பின்யெய்ரோ மஷாதோ, தம் பெயர் பொறித்த புதுக் கருவியை வழங்கினாராம். பெருந்தன்மை என்று இதைப் பாராட்டுவோர் உண்டு. நாம் தயங்குகிறோம். சீமானின் பெயர் பொறித்தால்தான் ஏழையின் இசை குற்றமாகாது என்றால், அது உரிமையா, சலுகையா?

அந்நாளிலே பலகாரம் விற்றுப் பிழைத்த தியா சியாத்தா என்ற பாகியா அம்மையாரின் ரியோ வீட்டிலேதான் பாணர்கள் கூடுவர். அங்கே பலர் கூடிப் பாடி உருவாக்கியதாகச் சொல்லப்படும் 'தொலைபேசி வழியாக' என்ற பாட்டை, 1916இல் தோங்கா என்பவர் தம் பெயரிலே பதிவு செய்தார். பூசல் மூண்டது. மூளட்டும்! ஒரு வீட்டார் ஆக்கியதை ஒருவர் தம் பெயரில் எழுதிக்கொண்டது சிறு கதை. ஓர் இனம் ஆக்கியதை ஒரு நாடே தன் பெயரில் எழுதிக்கொண்டதன்றோ பெருங்கதை!

1932இல் சாம்பாப் பள்ளிகளின் முதல் போட்டி நடந்தது. 1935இல் நகர ஆட்சி அவற்றை ஏற்றது. வர்கஸ் ஆட்சியிலே வானொலி சாம்பாவை நாட்டின் குரலாக்கிற்று. ஆனால் ஊர்சுற்றியைப் பாடாதே, உழைப்பைப் போற்றிப் பாடு என்று நெருக்கிற்று அரசு. நேற்று 'திரிபவன்' என்று பிடித்த அதே கை, இன்று மாலை சூட்டிப் பாட்டைத் திருத்துகிறது!

"கலைக்கு நிறமேது? எல்லார்க்கும் பொதுவன்றோ?" என்பர் சிலர். பொதுவாகட்டும், மகிழ்ச்சியே. வெள்ளையர் ஆடுவதை நாம் வெறுக்கவில்லை. பாட்டைப் பொதுவாக்கியவர்கள் பள்ளியையும் பதவியையும் நிலத்தையும் ஏன் பொதுவாக்கவில்லை என்றே கேட்கிறோம். 2022 கணக்கெடுப்பின்படி அந்நாட்டு மக்களில் நூற்றுக்கு 55 பேர் கருப்பரும் கலப்பினத்தாருமே. அரசின் பணத்தை வாங்கிய கலைஞரைக் கடிவாரும் உளர். நாம் கடியோம். தெருவிலே ஆடும் உரிமைக்கே போராடியவர், கிடைத்த தெருவை விடுவாரா?

விடவில்லை என்பதற்கு மங்கெய்ரா பள்ளி சான்று. 2019 கார்னிவலிலே, பாடநூல்கள் மறைத்த கருப்பினத்து வீரரையும் பழங்குடி வீரரையும் பாடி ஆடி, பட்டத்தையும் வென்றது அது. நாட்டுக் கொடியைத் தன் பச்சையும் இளஞ்சிவப்புமான நிறத்திலே தைத்து ஏந்திற்று. 'ஒழுங்கும் முன்னேற்றமும்' என்றிருக்க வேண்டிய இடத்திலே எழுதியிருந்த சொற்கள்: பழங்குடியினர், கருப்பர், ஏழையர்.