கொசுறும் கடனும்

2007 கிறிஸ்துமஸுக்கு அமெரிக்காவில் 299 டாலர் கொடுத்து ஐபாட் டச் வாங்கியவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பாட்டுக் கேட்கலாம், படம் பார்க்கலாம், வைஃபை கிடைக்கும் இடத்தில் இணையத்தில் உலாவலாம். யாரையும் அழைத்துப் பேச மட்டும் முடியாது. அது தொலைபேசி அல்ல. 3 வாரம் கழித்து, 2008 ஜனவரி 15 அன்று, சான் பிரான்சிஸ்கோவில் மேக்வேர்ல்டு மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஓர் அறிவிப்புச் செய்தார். மின்னஞ்சல், வரைபடம், வானிலை, பங்கு விலை, குறிப்பேடு என 5 செயலிகள் அந்தக் கருவிக்கு வருகின்றன. இனிமேல் வாங்குகிறவருக்கு அதே விலைக்குள் அவை அடக்கம். ஏற்கெனவே வாங்கிவிட்டவர் 19 டாலர் 99 சென்ட் தனியாகக் கட்ட வேண்டும். ஐபோன்காரர்களுக்கு அன்று வந்த அப்டேட்டுக்கோ காசே இல்லை.

வாங்கியவருக்குச் சுருக்கென்றிருக்கும். பின்னால் வந்த பந்திக்குப் பாயசம் போட்டுவிட்டு, முதல் பந்தியில் உட்கார்ந்தவரிடம் பாயசத்துக்குக் காசு கேட்டால் வருமே, அந்தக் கோபம். ஆனால் கோபம் வந்துவிட்டதாலேயே அநியாயம் நடந்துவிட்டதாக ஆகாது. விற்றவர் வாக்குத் தவறினாரா? பெட்டியின் மேல் மின்னஞ்சல் உண்டு என்று எழுதியிருக்கவில்லை. டிசம்பரில் அந்தக் கருவி செய்ததையெல்லாம் ஜனவரி 16 அன்றும் செய்தது. கையிலிருந்து எதையும் யாரும் பிடுங்கவில்லை.

இருந்தாலும் இந்த மாதிரிக் கோபம் ஆப்பிளுக்குப் புதிதல்ல. நான்கு மாதம் முன்புதான், 599 டாலர் ஐபோனை வெளியிட்டு இரண்டே மாதத்தில் 399 ஆக்கியிருந்தார்கள். முந்திக்கொண்டு வாங்கியவர்கள் கொதித்தார்கள். மறுநாளே ஜாப்ஸ் ஒரு திறந்த மடல் எழுதி, அவர்களுக்கு ஆப்பிள் கடையில் செலவழிக்க 100 டாலர் வரவு கொடுத்தார். சட்டப்படி அதற்கு அவசியமே இல்லை. கடமை முடிந்த பிறகும் மரியாதை என்று ஒன்று பாக்கி இருக்கிறது என்பதை அந்த 100 டாலர் ஒப்புக்கொண்டது. ஐபாட் டச் வாங்கியவருக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

மரியாதை வேறு, கடன் வேறு. காய்கறிக்காரம்மா பையில் போடும் கறிவேப்பிலைக்கு நாம் வைத்திருக்கும் பெயர் கொசுறு. அதைக் கேட்கலாம், எதிர்பார்க்கலாம், கிடைக்காவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். உரிமை கொண்டாட முடியாது. விற்ற பிறகு வருகிற புது வசதி இந்த வகைதான். அதை எழுத ஆட்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்குச் சம்பளம் உண்டு, கூலிக்கு விலை கேட்பதில் பாவம் ஒன்றும் இல்லை. 2007 அக்டோபரில் வந்த மேக் கணினியின் புதிய இயங்குதளத்துக்கு 129 டாலர் கேட்டார்கள். வேண்டும் என்றவர்கள் கொடுத்தார்கள், வேண்டாதவர்கள் பழையதோடு இருந்தார்கள். அதை ஏமாற்று என்று சொல்வதற்கில்லை.

ஐபோன்காரருக்கு இலவசம் என்பதையும் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும். அவர் ஏடி அண்ட் டி நிறுவனத்தோடு 2 ஆண்டு ஒப்பந்தம் போட்டு மாதாமாதம் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தார். முதல் ஐபோன் காலத்தில் அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு ஆப்பிளுக்கும் போயிற்று. அவருடைய கறிவேப்பிலைக்கான காசு கத்தரிக்காய் விலையிலேயே ஏறியிருந்தது.

இந்தப் பாகுபாட்டுக்கு நிறுவனம் சொன்ன காரணம் கணக்குப் புத்தகம். கேட்பதற்குச் சாக்கு மாதிரி இருந்தாலும் உள்ளே விஷயம் உண்டு. என்ரானும் வேர்ல்டுகாமும் இல்லாத லாபத்தை எழுதிக் காட்டிக் கவிழ்ந்தபின், 2002இல் அமெரிக்காவில் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் வந்தது. வராத வருமானத்தை வந்ததாக எழுதுவதில் எல்லோருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. கணக்கியல் விதி சொன்னது இதுதான்: விற்கும்போதே ‘பின்னால் இதில் புது வசதிகள் சேர்த்துத் தருவோம்’ என்பதும் பேரத்தில் சேர்ந்திருந்தால், முழு விலையையும் விற்ற அன்றே வருமானமாக எழுதக் கூடாது, இன்னும் கொடுக்க வேண்டியது பாக்கி இருக்கிறதே. ஐபோன் வருமானத்தை ஆப்பிள் 24 மாதத்துக்குப் பிரித்து எழுதியது. ஐபாட் டச் வருமானத்தை விற்ற அன்றே முழுதாக எழுதிவிட்டது. எழுதி மூடிய விற்பனைக்குப் பின்னால் இலவசமாக ஐந்து செயலிகளைப் போட்டால், ‘அப்படியானால் விற்பனை அன்றைக்கு முடியவில்லையா?’ என்று தணிக்கையாளர் கேட்பார். ஒரு விலை வைத்துவிட்டால் அது தனி விற்பனை, கேள்வி எழாது.

சட்டம் யாரையும் காசு வாங்கச் சொல்லவில்லை. விற்பனையை எந்த ஏட்டில் எப்படி எழுதுவது என்பதை முடிவு செய்தது நிறுவனம். ஒரே அலுவலகம், ஏறத்தாழ ஒரே மென்பொருள். ஒன்றை ‘இன்னும் முடியவில்லை’ என்றும் இன்னொன்றை ‘முடிந்துவிட்டது’ என்றும் எழுதியாயிற்று. பிறகு அந்த எழுத்தையே காட்டி, எங்கள் கை கட்டப்பட்டிருக்கிறது என்றால், கட்டிக்கொண்டது யார்?

கட்டும் அப்படி ஒன்றும் இறுக்கமில்லை. ஐபாட் டச் முதலில் வந்தபோது அதன் நாட்காட்டியைப் பார்க்க மட்டும்தான் முடிந்தது, புதிதாக எதையும் குறித்துவைக்க முடியாது. 2007 நவம்பரில் ஓர் அப்டேட் அதைச் சரிசெய்தது, காசு வாங்காமல். எழுத முடியாத நாட்காட்டி குறையா, எழுத முடிவது புது வசதியா? இரண்டு மாதிரியும் சொல்லலாம். கோட்டை எங்கே போடுவது என்று விற்றவர்தான் முடிவு செய்தார், தனக்குத் தோன்றிய மாதிரி.

கோடு நிஜமாக எங்கே இருக்கிறது என்பது தையல்கடைக்காரருக்குத் தெரியும். தைத்துக் கொடுத்த சட்டையின் அக்குள் தையல் ஒரே வாரத்தில் பிரிந்தால், கொண்டுபோய் நீட்டியதும் மறுபேச்சுப் பேசாமல் மிஷினில் ஓட்டித் தருவார். இன்னொரு பை வைத்துத் தரச் சொன்னால் துணிக்கும் கூலிக்கும் காசு கேட்பார். பை சரக்கு, பிரிந்த தையல் கடன். இந்த வித்தியாசம் தெரியாத தையல்காரர் தொழிலில் நீடிக்க மாட்டார்.

மென்பொருளில் பிரிந்த தையல் என்றால் பாதுகாப்பு ஓட்டை. ஒரு பக்கத்தைத் திறந்தாலே கருவி இன்னொருவன் கைக்குப் போய்விடும் என்றால், அது விற்ற நாளிலிருந்தே பொருளுக்குள் இருந்த குறை. கண்டுபிடித்த நாள்தான் புதிது. 2009 ஜூன் 17 அன்று வெளிவந்த ஐபோன் ஓஎஸ் 3.0 இப்படிப்பட்ட பல ஓட்டைகளை அடைத்தது. கூடவே நகலெடுத்து ஒட்டும் வசதி போன்ற புதுச் சரக்குகளும் இருந்தன. ஐபோனுக்கு இலவசம், ஐபாட் டச்சுக்கு 9 டாலர் 95 சென்ட். புது வசதி எதுவும் வேண்டாம், ஓட்டையை மட்டும் அடைத்துக் கொடுங்கள் என்று கேட்கிறவருக்கு 3.0 தனியாகப் பிரித்து விற்கப்படவில்லை. சட்டையைத் தைத்துத் தருகிறேன், ஆனால் புதுப் பைக்குக் காசு கொடுத்தால்தான் என்பது போல.

காசு வாங்கியதில் அவ்வளவாகத் தவறில்லை. கடனையும் சரக்கையும் ஒரே மூட்டையில் கட்டி, சரக்கின் விலையைக் கொடுத்தால்தான் கடன் தீரும் என்று வைத்ததில்தான் தவறு. அப்டேட் என்ற ஒற்றைச் சொல் அதற்கு வசதியாக அமைந்தது. அந்தச் சொல்லுக்குள் கறிவேப்பிலையும் இருந்தது, திருப்பித்தர வேண்டிய சில்லறையும் இருந்தது.

அதே 3.0க்குள் இன்னொன்றும் இருந்தது, இது இன்னும் விசித்திரம். 2008 செப்டம்பரில் வந்த இரண்டாம் தலைமுறை ஐபாட் டச்சின் வயிற்றுக்குள் புளூடூத் சில்லு இருந்தது. ஆனால் வயரில்லாத ஹெட்போனை அதோடு இணைக்க வழியில்லை. மென்பொருள் அந்தக் கதவைத் திறக்கவில்லை. 9 மாதம் கழித்து 3.0 திறந்தது. கிணற்றைத்தான் விற்றேன், தண்ணீரை விற்கவில்லை என்று வாதாடியவன் கதை குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். அந்தக் கதையில் தண்ணீர்க்காரன் கடைசியில் தோற்பான். இங்கே விஷயம் அவ்வளவு நேரானதல்ல. சில்லு இருக்கிறது என்று சொல்லி விற்கவில்லை. வாங்கியவர் கேட்டுப் பேரம் பேசியதும் இல்லை. சில்லு மட்டும் இருந்தால் பாட்டு வந்துவிடாது, அதை ஓட்டும் நிரலையும் ஒருவர் எழுத வேண்டும். அந்த உழைப்புக்கு விலை என்றால் ஏற்கலாம். இருந்தாலும் சில்லுக்கான காசை 2008இலேயே கொடுத்தாயிற்று என்பது மனதில் உறுத்தத்தான் செய்யும். தன் வீட்டுக்குள்ளேயே பூட்டிய அறை ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்ட மாதிரி.

பிரான்சின் ஆர்கோஸ் நிறுவனமும் அதே காலத்தில் கையடக்க வீடியோ கருவிகளை விற்றது. சில வீடியோ வடிவங்களைப் பார்க்க, இணையத்தில் உலாவ, தனித்தனியாகக் காசு கட்டி இணைப்பு நிரல்கள் வாங்க வேண்டும். எரிச்சல்தான். ஆனால் எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று வாங்கியவருக்குத் தெரியும்; வேண்டாததை விட்டுவிடலாம். நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் கடை அது. கஞ்சத்தனம் என்று திட்டலாம், மூட்டையில் எதையோ மறைத்தார்கள் என்று சொல்ல முடியாது.

2009இன் கடைசியில் அமெரிக்கக் கணக்கியல் விதி தளர்ந்தது. இனி விற்ற அன்றே பெரும்பகுதியை வருமானமாக எழுதலாம். பின்னால் தரப்போகும் மென்பொருளுக்காக ஒரு மதிப்பீட்டுத் தொகையை மட்டும் நிறுத்திவைத்தால் போதும். ஆப்பிள் ஒவ்வோர் ஐபோனுக்கும் 25 டாலரை அப்படி நிறுத்தியது. 2010 ஜூன் 21 அன்று, ஐபோன் ஓஎஸ் 3-க்கு அடுத்த பதிப்பான ஐஓஎஸ் 4 வந்தபோது ஐபாட் டச்சுக்கும் காசு கேட்கவில்லை. அதற்கும் ஒரு சிறு தொகை நிறுத்திவைக்கும் பழக்கம் வந்தது. எல்லோரும் இலவசம் என்று மகிழ்ந்தார்கள். கணக்கர் அந்தத் தொகையை எழுதிய இடத்தைப் பார்த்தால் வேறு கதை தெரியும். முன்கூட்டி வாங்கிய, இன்னும் ஈட்டாத வருமானம் ஐந்தொகையில் பொறுப்புகள் பக்கம் உட்காரும். நம் பேச்சில் அதற்குக் கடன் என்று பெயர். இலவசம் என்று ஆன அன்றைக்குத்தான் அப்டேட் கொசுறாக இருப்பதை விட்டுவிட்டு, ஏட்டிலேயே கடனாக ஏறியது.

இந்தக் கணக்கில் ஒருவர் மட்டும் விடுபட்டுப்போனார். முதல் தலைமுறை ஐபாட் டச் 2008 செப்டம்பர் வரை கடையில் இருந்தது. ஐஓஎஸ் 4 அதற்குக் கிடையாது. காசு கொடுத்தாலும் கிடையாது. முதல் ஐபோனுக்கும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் முதல் ஐபாட் டச்காரர் ஜனவரி செயலிகளுக்கு 19.99, இடையில் வந்த 2.0 அப்டேட்டுக்கு 9.95, 3.0க்கு 9.95 என்று 39 டாலர் 89 சென்ட் கட்டி ஒவ்வொரு படியாக ஏறி வந்தவர். கூட வந்த இரண்டாம் தலைமுறைக்காரர் இலவசப் படியில் கால் வைத்தபோது இவரைக் கீழேயே நிற்கச் சொன்னார்கள். 2008 ஆகஸ்டில் வாங்கியவருக்கு இரண்டு ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை.

அவ்வளவோடு நிற்கவில்லை. 2010 ஆகஸ்ட் 1 அன்று ஒரு பிடிஎஃப் கோப்பைத் திறந்தாலே கருவியின் பூட்டு உடையும் ஓட்டை ஒன்று வெளியே தெரிந்தது. ஜெயில்பிரேக் செய்கிறவர்கள், அதாவது தங்கள் கருவியின் பூட்டைத் தாங்களே உடைக்கிறவர்கள், அதைத் தங்கள் காரியத்துக்குப் பயன்படுத்தினார்கள், திருடனும் பயன்படுத்தலாம். பத்து நாளில், ஆகஸ்ட் 11 அன்று, ஆப்பிள் அதை அடைத்தது. ஐபோன் 3ஜிக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும், இரண்டாம் தலைமுறை முதலான ஐபாட் டச்சுகளுக்கும். முதல் தலைமுறைக்கு இல்லை. அதை அடைக்கும் ஒட்டு ஒன்றை ஜெயில்பிரேக் வட்டாரத்தார்தான் எழுதிக் கொடுத்தார்கள், ஏற்கெனவே பூட்டை உடைத்த கருவிகளுக்கு மட்டும். ஆக, கதவைப் பத்திரமாகச் சாத்த வேண்டுமானால் முதலில் அவர் பூட்டை உடைக்க வேண்டும். பூட்டை உடைப்பது பதிப்புரிமைச் சட்டப்படி குற்றமாகாது என்று அமெரிக்காவில் ஒரு விலக்கு, தற்செயலாக, அந்த ஜூலை 26 அன்றுதான் அறிவிக்கப்பட்டிருந்தது. அதன் வாசகத்தில் இருந்தது தொலைபேசிக் கருவிகள் என்ற சொல். அவர் கையில் இருந்தது தொலைபேசி இல்லையே.