வரிக்கு அஞ்சிக் கடையைச் சாத்தாதே!

அமெரிக்காவுக்கு அனுப்பிய பார்சல் திரும்பி வந்துவிட்டதா? வரட்டும்! "சுங்கவரி கட்டச் சொல்கிறார்கள், எனக்குத் துணியே வேண்டாம்" என்று வாங்கியவர் கைவிரித்துவிட்டாரா? விரிக்கட்டும்! அதற்காகத் தையல் மெஷினை மூலையில் தள்ளிவிட்டு முடங்கிக் கிடப்பாயா? எழுந்திரு!

நடந்தது என்ன? 800 டாலர் வரை மதிப்புள்ள பார்சல்களை அமெரிக்கா வரியில்லாமல் உள்ளே விட்டது. 2025 ஆகஸ்ட் 29-ல் அந்தச் சலுகை போயிற்று. அதே வாரத்தில்தான் இந்தியப் பொருள்கள் மீதான கூடுதல் வரியும் 50 சதவீதம் ஆனது. நம் அஞ்சல் துறை அமெரிக்கப் பார்சல்களை வாங்குவதையே நிறுத்தி வைத்தது. மனம் விட்டவர்கள் அன்றே தொழிலையும் விட்டார்கள். அக்டோபர் 15-ல் தபால் கவுன்ட்டர் மறுபடி திறந்தது. வரியை இங்கேயே, அனுப்பும்போதே கட்டிவிடும் வசதியோடு! ஏழு வாரம் பல்லைக் கடித்தவனுக்குக் கடை மிஞ்சியது.

அமெரிக்க அதிபர் வரியை ஏற்றுவார், இறக்குவார். அவரை நீ மாற்ற முடியாது. கணக்குப் போட உனக்குத் தெரியுமல்லவா? பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவின் அடிப்படை வரி 16.5 சதவீதம், பாலியஸ்டர் என்றால் 32. இரண்டாயிரம் ரூபாய்ச் சரக்குக்கு ஒன்றில் 330 ரூபாய், மற்றதில் 640. கூரியரில் அனுப்பினால், கூடுதல் வரி எதுவானாலும் அதற்கு அடியில் இந்த வித்தியாசம் இருந்துகொண்டே இருக்கும். சுங்க வகைப்பாட்டில் பின்னலாடை 61-ஆம் அத்தியாயம், நெய்த துணியில் தைத்தது 62. சரக்கை வகைப்படுத்தும் எச்.எஸ்.என். எண்ணைத் தேடிப் பார்க்கச் சோம்பல், பழி மட்டும் வாஷிங்டன் மேலா?

வாங்குபவரின் கோபத்தையும் புரிந்துகொள். வரி அவருக்குப் பெரிதில்லை. பணம் கட்டி முடித்துவிட்டோம் என்றிருப்பவரிடம், வாசலில் நின்று கூரியர்காரர் மறுபடி பணம் கேட்கிறார் பார், அதுதான் எரிகிறது! போதாததற்குக் கையாளும் கட்டணம் என்று கூரியர் நிறுவனம் தனியாக ஒன்றைத் தீட்டும். விலைப்பட்டியலிலேயே வரியைச் சேர்த்து எழுது. ஒளிக்காதே. 'கிஃப்ட்' என்று எழுதி மதிப்பைக் குறைத்துக் காட்டும் குறுக்குவழியை யாராவது சொல்லிக்கொடுத்தால் அவரை வாசலோடு அனுப்பிவிடு. பொய்க் கணக்கில் பிடிபட்டால் போவது ஒரு பார்சல் மட்டுமல்ல, உன் பெயரும்தான்.

முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பட்டம் உண்டு. அப்படி ஓர் அரசன் வருவான் என்று அவனுக்கு முந்தைய வணிகர்கள் சரக்கைக் கரையில் குவித்துக் காத்திருந்தார்களா? சுங்கம் கட்டினார்கள், கப்பல் ஏற்றினார்கள்!

அமெரிக்கா ஒன்றுதான் உலகமா? சிங்கப்பூரில் துணிக்குச் சுங்கவரியே கிடையாது, 9 சதவீத ஜி.எஸ்.டி. மட்டும். பிரிட்டனில் 135 பவுண்டு வரை சுங்கவரி இல்லை, வாட் உண்டு. அங்கெல்லாம் தீபாவளிக்குப் புதுத்துணி தேடும் தமிழர்கள் இல்லையா?

ஏற்றுமதிக்கான ஐ.இ.சி. எண் இன்னும் வாங்கவில்லையா? கட்டணம் 500 ரூபாய்தான். பான் அட்டையையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் எடுத்து வை. இன்று இரவே விண்ணப்பி!