மூன்று பெயர்கள்

பாங்கில் ஒரு செக்கைத் திருப்பும்போது காரணம் குறித்த சீட்டு ஒன்றையும் சேர்த்தே அனுப்புகிறேன். ஐம்பது ரூபாய் செக்குக்கும் இது உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவிக்கு மனுப் போட்டு ஒதுக்கப்படும் பேராசிரியருக்கு அப்படியொரு சீட்டு கிடைப்பதில்லை.

ஸெனட், ஸிண்டிகேட், வேந்தரான கவர்னர் ஆகியோரின் சார்பில் மூவர் கூடி மூன்று பெயர்களைத் தர, வேந்தர் ஒன்றைப் பொறுக்குவார். பழகிய முறை இது. மானியக் குழுவின் 2018 விதிகள் தன் ஆள் ஒருவரும் வேண்டும் என்றன. 2022இல் சட்டசபை நியமன அதிகாரத்தை அரசுக்கு மாற்றி மசோதாக்களை நிறைவேற்றியது. 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் அவற்றில் பலவற்றுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொண்டது. மே மாதம் ஹைகோர்ட் தடை விதித்தது. சண்டை முழுவதும் கையெழுத்து யாருடையது என்பதில்தான். ஏன் இந்த மூவர் என்று எழுதிவைக்கச் சொல்லி எந்தத் தரப்பும் உரக்கக் கேட்டு நான் பார்க்கவில்லை.

பெயர்கள் வெளியே வந்தால் சிபாரிசு பெருகும், தோற்றவருக்கு அவமானம் என்பார்கள். அவமானம் என்பதை நான் மதிக்கிறேன். பிரமோஷன் பட்டியலில் ஒருமுறை என் பெயர் இல்லை. பிறர் அறிந்ததைத் தாங்கிக்கொண்டேன். காரணம் தெரியாததைத்தான் இன்றுவரை முடியவில்லை. சிபாரிசு விஷயம் வேடிக்கை. அதற்கு இருட்டு எப்போது இடைஞ்சலாக இருந்தது?

ஆசிரியர்கள் ஓட்டுப் போடட்டும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை; கோஷ்டிகளைப் பார்த்திருக்கிறேன். மூன்று பெயர்களும், அவற்றுக்கான காரணங்களும், ஒரு மாதம் நோட்டீஸ் போர்டில் இருக்கட்டும். பிறகு மூவரும் ஸெனட் மண்டபத்தில் மாணவர்கள் முன் ஒரு மணி நேரம் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும். கடற்கரைக்கு எதிரேதான் இருக்கிறது அந்த மண்டபம்.