தலையெழுத்தா, 22 எழுத்தா?

மாரடைப்பால் ஒருவர் மாண்டால், "அவர் தலையெழுத்து அவ்வளவுதான்" என்று சொல்லிக் கலைகிறோம். புக்கிட் தெங்காவிலும் அப்படியே. தமிழர் வாழும் பிற ஊர்களிலும் அப்படியே. அந்தத் தலையெழுத்தைப் படித்தவர் ஒருவருமில்லை. ஆனால், உடலுக்குள் மெய்யாகவே எழுத்து உண்டு. அதைப் படித்தவர் உண்டு. திருத்த முயன்றவரும் உண்டு.

1993-ல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு புழுவை ஆராய்ந்து, மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பதன் தொழிலை விளக்கினர். 2024-ல் நோபெல் பரிசும் பெற்றனர். அது ஏறக்குறைய 22 எழுத்து நீளமுள்ள சிறு துணுக்கு. 'இன்ன புரதத்தை ஆக்கு' என்று உயிரணுவுக்குள் செல்லும் கட்டளையை மறித்து, 'போதும்' என்று நிறுத்துவதே அதன் வேலை.

பால் மரத்தின் பட்டையை அளவறிந்து சீவினால் புதுப்பட்டை வளரும். மனித இதயமோ அவ்வாறன்று. 2009-ல் சுவீடன் நாட்டு அறிஞர் கண்டபடி, 25 வயதில் இதயத் தசையணுக்கள் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று வீதமே புதிதாகின்றன. 75 வயதில் அதிற் பாதியுமில்லை. ஆகையால் மாண்ட தசையின் இடத்தில் தழும்பே எஞ்சுகிறது. வயது ஏறுகையில் மிர்-34ஏ என்னும் துணுக்கு இதயத்தில் மிகுகிறதென்றும், அதை அடக்கினால் எலிகளின் இதயத்தில் அணுச்சாவு குறைகிறதென்றும் 2013-ல் ஜெர்மன் அறிஞர் காட்டினர். மூப்பின் ஒரு பகுதியேனும் மாற்றத்தக்கது என்பது இதனால் விளங்கும்.

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம். மிர்-199ஏ என்னும் மற்றொரு துணுக்கு, வளர்ச்சிக்கு இடப்பட்ட தடைகளையே மறிப்பது. மௌரோ ஜியாக்காவின் குழுவினர், மாரடைப்புற்ற பன்றிகளின் இதயத்தில் இதனைச் செலுத்தினர். ஒரு மாதத்தில் தழும்பு சுருங்கிற்று, தசை வளர்ந்தது. அதன்பின்னும் அத்துணுக்கு ஓயாது உண்டாகிக்கொண்டே இருந்தமையால், பெரும்பாலான பன்றிகள் நாடித்துடிப்பு தாறுமாறாகித் திடீரென்று மாண்டன.

"விதியை வெல்ல முடியாதென்று சொன்னேனே!" என்று விதிவாதி மகிழக்கூடும். அவரை ஒன்று கேட்கிறேன்: அப்பன்றிகளின் சாவை உலகுக்குச் சொன்னவர் யார்? ஆராய்ந்தவர்களேயன்றோ? 2019-ல் வெளியிட்ட ஒரே கட்டுரையில் வெற்றியையும் சாவையும் அவர்கள் அச்சிட்டனர். பரிகாரம் பலிக்காதபோது, அதைச் செய்வித்தவர் அதனை எந்த ஏட்டில் பதிகிறார்? இளமை தரும் லேகியம் விற்பவர், தின்றும் மூத்தவரின் தொகையை என்றேனும் வெளியிட்டதுண்டா?

வரவை மட்டும் எழுதிச் செலவை மறைப்பது கணக்காகாது. இது கிராணி எவரும் அறிந்தது. விதியின் ஏட்டில் தோல்வி என்ற பத்தியே இல்லை. ஆகவே அது திருந்துவதுமில்லை. அறிவின் ஏட்டில் தோல்வியும் பதியப்படுகிறது. ஆகவே அடுத்த சோதனையில் அளவு திருந்துகிறது. இதயம் பழுதுற்ற மனிதன் நம்பத் தகுந்தது எது? தவறாதது என்று தன்னைச் சொல்லிக்கொள்வதா, தவறினேன் என்று எழுதி வைப்பதா?